குமிழி ஊதும் சிறுவன்

பச்சை நிற வெல்வெட் உடை. கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாய் வெண்துணி. காதோரம் புரளும் பொன்னிறச் சுருள்முடி. ஒரு கையில் களிமண் குழாய், மறு கையில் சவுக்கார நீர்க் கிண்ணம். சற்றுமுன் ஊதிவிட்ட குமிழி மேலே மிதக்கிறது. சிறுவன் அண்ணாந்து பார்க்கிறான். அந்தக் குமிழியின் மேனியிலே வானவில் வந்து குடியேறியிருக்கிறது. இன்னும் ஒரு நொடியோ, இரு நொடியோ! அதன் பிறகு அது இராது. சிறுவனுக்கு அது தெரியுமோ, தெரியாதோ. பார்க்கும் நமக்குத் தெரியும். அவன் பக்கத்திலே ஒரு தொட்டியில் செடி செழித்திருக்கிறது. இன்னொரு பக்கத்திலே ஒரு தொட்டி உடைந்து கிடக்கிறது. வாழ்வும் வீழ்வும் இரு புறமும் நிற்க, நடுவிலே குழந்தை!

1886-ஆம் ஆண்டு இலண்டன் குரோவனர் கலைக்கூடத்தில் வைக்கப்பட்ட இந்த ஓவியத்திற்கு, அதைத் தீட்டிய ஜான் எவரெட் மில்லே வைத்த பெயர் 'ஒரு குழந்தையின் உலகம்'. படத்திலிருப்பவன் அவருடைய பேரன்தான். மனித வாழ்வை நீர்க்குமிழிக்கு ஒப்பிடுவது நம் நாட்டுப் பண்டாரங்களுக்கு மட்டும் உரிய சொத்தன்று. டச்சு நாட்டு ஓவியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குமிழி ஊதும் சிறுவர்களைத் தீட்டி, நிலையாமையைக் காட்டியிருக்கிறார்கள். அந்த மரபிலே வந்தவர் மில்லே. பறந்தோடும் குமிழியை நிறுத்திவைத்துத் தீட்ட முடியுமா? அதற்காக ஒரு கண்ணாடிக் கோளம் செய்வித்து, அதிலே ஒளி விளையாடும் விதத்தைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினார் என்பர்.

நிலையாமையைக் கூற வந்த அந்த ஓவியம் நிலைத்துவிட்டது. எப்படி? அதன் காலடியில் ஒரு சவுக்காரக் கட்டியைக் கொண்டுவந்து வைத்தான் ஒரு வணிகன். அதனால் நிலைத்தது!

தோழர்களே! பழைய சவுக்கார விளம்பரப் படங்களைக் காணும்போது நம் மனம் கனிகிறது. பழம்பொருள் விற்கும் கடைகளிலே, தகரத் தட்டியிலும் தடித்த தாளிலும் அவை கிடைக்கின்றன. நல்ல விலை கொடுத்து வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். மாட்டட்டும்! அழகை அழகு என்று ஒப்புக்கொள்வதில் பகுத்தறிவுக்கு இழுக்கு ஏதுமில்லை. ஆனால், அந்த அழகு எதை விற்கப் பிறந்தது? சவுக்காரத்தை மட்டுமா? இதைக் கேட்பதற்கு வரலாற்றைச் சற்றுப் புரட்டவேண்டும்.

சவுக்காரம் ஒரு காலத்தில் சீமான்களின் பொருள். காரத்துக்கு மரச்சாம்பலை நம்பியிருந்த நாள் அது. 1791-இல் பிரெஞ்சு அறிஞர் நிக்கோலா லெபிளாங்க், சமையல் உப்பிலிருந்தே சோடாக் காரம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடல் உள்ளவரை காரத்துக்குப் பஞ்சமில்லை என்ற நிலை வந்தது. கண்டுபிடித்த அவருக்கோ பஞ்சம் தீரவில்லை; புரட்சியின் போது ஆலை பறிபோயிற்று; 1806-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பின்னர் செவ்ரல் என்ற மற்றொரு பிரெஞ்சு வேதியலார், கொழுப்பு என்பது என்ன, அது காரத்தோடு சேரும்போது என்ன நேருகிறது என்பதை ஆராய்ந்து, 1823-இல் நூலாகவே வெளியிட்டார். மந்திரமில்லை, மாயமில்லை, கொழுப்பும் காரமும் கூடினால் சவுக்காரம், கூடவே கிளிசரின்!

இங்கிலாந்தில் அதற்குப் பிறகும் ஒரு தடை இருந்தது. அரசு சவுக்காரத்துக்கு வரி விதித்திருந்தது. இரவில் எவரும் கள்ளத்தனமாய்க் காய்ச்சிவிடக் கூடாதென்று, காய்ச்சும் கொப்பரையின் மூடிக்கு வரி அதிகாரிகள் பூட்டுப் போட்டார்கள். தூய்மைக்குப் பூட்டு! 1853-இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோதுதான் அந்த வரி ஒழிந்தது. விலை இறங்கிற்று; ஆலைகள் பெருகின; போட்டி மூண்டது. எல்லாச் சவுக்காரமும் ஏறத்தாழ ஒரே சவுக்காரமாக இருக்கும்போது, ஒருவன் மற்றவனை எப்படி வெல்வது? சரக்கால் முடியாது, படத்தால் முடியும்!

அந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக் கொடுத்தது பியர்ஸ் நிறுவனம். அதைத் தோற்றுவித்த ஆண்ட்ரூ பியர்ஸ், கார்ன்வால் பகுதியிலிருந்து இலண்டனுக்கு வந்து சோகோ வட்டாரத்தில் கடை வைத்த முடி திருத்தும் தொழிலாளி. சீமாட்டிகள் முகத்தை வெளுக்கவைக்கக் கடுமையான பூச்சுகளைப் பூசிப் புண்ணாக்கிக்கொள்வதைக் கண்டு, மென்மையான, ஒளி ஊடுருவும் சவுக்காரத்தை 1807-ஆம் ஆண்டளவில் செய்தார். ஏன் வெளுக்கவேண்டும்? வெயிலில் வேலை செய்பவர் முகம் கறுக்கும். நிழலில் உட்கார்ந்து உண்பவர் முகம் வெளுக்கும். கறுத்தவர் உழைப்பாளி, வெளுத்தவர் பிரபு! வெண்மை முதலில் அழகின் அடையாளமாக வரவில்லை. உழையாமையின் அடையாளமாக வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அந்தக் குடும்பத்து மருமகனாக வந்த தாமஸ் பாரட் என்பவர்தான் விளம்பரச் சூரர். 1851 இலண்டன் பொருட்காட்சியில் பரிசு பெற்றும் பெரும் புகழ் எட்டாமலிருந்த கடையை, உலகின் வாயிலே ஓயாது ஒலிக்கும் பெயராக்கினார். அவருடைய சாமர்த்தியத்துக்கு ஒன்றிரண்டு சான்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரெஞ்சு நாட்டுப் பத்துச் சென்ட்டிம் செப்புக் காசு அப்போது இங்கிலாந்தில் ஒரு பென்னியாகச் செல்லுபடியாகும். சட்டம் தன் நாட்டு நாணயத்தைத்தான் காத்ததே தவிர, அந்நியக் காசைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாரட் இலட்சக்கணக்கில் அந்தக் காசுகளைத் தருவித்து, ஒவ்வொன்றிலும் 'பியர்ஸ்' என்று முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டார்! விக்டோரியா அரசியாரின் முகத்தோடு சவுக்காரத்தின் பெயரும் மக்கள் சட்டைப் பையிலே சரிசமமாகக் குலுங்கிற்று. கடைசியில் அரசே அந்தக் காசுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

நாடக நடிகை லில்லி லாங்ட்ரியின் கையொப்பமிட்ட பாராட்டை வாங்கி அச்சிட்டார். ஹென்றி வார்டு பீச்சர் என்ற அமெரிக்கப் பாதிரியாரிடம், தூய்மை தெய்வத்தன்மைக்கு அடுத்ததென்றால் சவுக்காரமும் அருளுக்கு ஒரு வழியே என்ற பொருளில் சான்று பெற்றார். பாவத்தைக் கழுவ இரத்தம் வேண்டும், பிரார்த்தனை வேண்டும் என்று கூறிவந்தவர், கட்டி ஒன்று போதும் என்று கூறிவிட்டார்! பாதிரியாருக்கு இதிலே வெட்கமில்லை, பாரட்டுக்கோ இலாபம். 1884-இல் 'பஞ்ச்' நகைச்சுவை ஏட்டில் ஹாரி ஃபர்னிஸ் ஒரு கேலிப்படம் போட்டார். அழுக்கே உருவான ஒரு நாடோடி, பியர்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறான்: இரண்டாண்டுகளுக்கு முன் உங்கள் சவுக்காரத்தைப் பயன்படுத்தினேன், அன்று முதல் வேறெதையும் பயன்படுத்தியதில்லை என்று. மற்றவராயிருந்தால் வழக்குத் தொடுத்திருப்பர். பாரட் என்ன செய்தார்? அந்தக் கேலிப்படத்தையே உரிமை பெற்றுத் தம் விளம்பரமாக்கிக்கொண்டார். தம்மைப் பார்த்துச் சிரிப்பவரையும் தம் சரக்கை விற்கவைக்கும் கலை!

இப்படிப்பட்டவர் கண்ணிலேதான் மில்லேயின் சிறுவன் பட்டான். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' ஏட்டின் அதிபர் சர் வில்லியம் இங்ரம், வண்ணப் படமாக வெளியிட அந்த ஓவியத்தை வாங்கியிருந்தார். அவரிடமிருந்து 2,200 பவுன் கொடுத்து, வெளியிடும் உரிமையோடு வாங்கினார் பாரட். அச்சுப் படத்தில் சிறுவன் காலடியில் சவுக்காரக் கட்டி தோன்றிற்று. ஓவியர் முதலில் மனம் வருந்தினார். ஆனால் உரிமை கைமாறிவிட்டது, தடுக்க வழியில்லை. அச்சின் நயத்தைக் கண்டு பின்னர் ஓரளவு அமைதியடைந்தார்.

எழுத்தாளர் மேரி கொரெல்லி, 1895-இல் வெளிவந்த தம் நாவலில், ஒரு பாத்திரத்தின் வாயிலாக மில்லேயைக் குத்திக்காட்டினார். விற்பனைக்காகக் கலையைத் தாழ்த்தினார் என்பது குற்றச்சாட்டு. மில்லே உண்மையை எழுதி விளக்க, அம்மையார் வருத்தம் தெரிவித்தார். வில்லியம் ஃப்ரித் கதியும் இதுவே. புதுச் சட்டையை ஆசையோடு தூக்கிக் காட்டும் சிறுமியை அவர் தீட்டினார். பெயர் 'புதிய சட்டை'. 1889-இல் லீவர் அதை வாங்கி, 'எவ்வளவு தூய்மை!' என்று பெயர் மாற்றிச் சன்லைட் சவுக்காரத்துக்கு விளம்பரமாக்கினார். ஃப்ரித் கொதித்தார். கொதித்து என்ன? படத்தை விற்றவர் பொருளையும் விற்றுவிட்டார் என்பதே வணிக நீதி.

ஒரு செய்தி வேடிக்கையானது. படத்திலிருந்த சிறுவன் வளர்ந்து ஆங்கிலக் கடற்படையில் அட்மிரல் ஆனார். முதல் உலகப் போரில் கடற்படை உளவுத்துறையில் பணியாற்றினார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினருமானார். மார்பு நிறையப் பதக்கங்கள். ஆனாலும் வாழ்நாள் முழுதும் அவருக்கு வாய்த்த பட்டப்பெயர் 'பபிள்ஸ்' - குமிழி!

படங்கள் இவ்வளவு மலிவாக, இவ்வளவு வண்ணத்தோடு எப்படி வீடுதோறும் சென்றன? கல்லச்சுக் கலையின் புண்ணியம் அது. புண்ணியம் என்று பழக்கத்தால் சொல்லிவிட்டேன். உழைப்பின் பயன் என்க. பவேரியாவைச் சேர்ந்த நாடக ஆசிரியர் அலோய்ஸ் செனஃபெல்டர், தம் நாடகங்களை அச்சிடப் பணமின்றி, தாமே வழி தேடினார். 1796-இல் ஒருநாள் சலவைக்காரி வாசலில் காத்திருக்க, தாள் கிடைக்காமல், துணிக் கணக்கைக் கையிலிருந்த மையால் கல்லின் மீதே எழுதினாராம். அந்தச் சலவைக் கணக்கிலிருந்துதான் கல்லச்சு முளைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கொழுப்பு கலந்த கரித்துண்டால் சுண்ணாம்புக் கல்லில் வரைவர். கல்லை நீரால் நனைப்பர். கொழுப்புள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரமுள்ள இடத்தில் ஒட்டாது. வண்ணத்துக்கு ஒரு கல். பத்துப் பன்னிரண்டு கல்கூட உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பிசகாமல் அச்சிட்டால், அட்மிரலின் கன்னத்துச் சிவப்பு வரும்! அந்தக் கரித்துண்டில் என்னென்ன கலந்திருந்தது தெரியுமா? மெழுகு, கொழுப்பு, புகைக்கரி, அவற்றோடு சவுக்காரம்! சவுக்காரத்தை விற்ற படத்தை வரைந்ததும் சவுக்காரம்தான்.

அதே கல்லச்சு நம் நாட்டில் என்ன விற்றது? 1894-இல் பம்பாயில் இரவிவர்மா ஜெர்மானிய இயந்திரங்களைக் கொண்டு அச்சகம் தொடங்கினார். அங்கே சீமையிலே சிறுவர்களும் சீமாட்டிகளும் அச்சாக, இங்கே இலட்சுமியும் சரசுவதியும் அச்சானார்கள். கோயிலுக்குள் நுழையாதே என்று வாசலிலே நிறுத்தப்பட்டவன் வீட்டுக்குள், காசு கொடுத்தால் கடவுள் தாமே நடந்து வந்தார். ஆகமம் தடுத்ததை அச்சு தடுக்கவில்லை. பின்னாளில் அதே படங்களின் அடியிலே வணிகர்களின் பெயரும் நாட்காட்டியும் ஒட்டிக்கொண்டன. மில்லேயின் சிறுவனுக்கு நேர்ந்தது மகாலட்சுமிக்கும் நேர்ந்தது!

சன்லைட் சவுக்காரம் 1888-இலேயே கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. பெட்டி பெட்டியாய், 'இங்கிலாந்தில் செய்தது' என்ற முத்திரையோடு. நம் எண்ணெயையும் வித்தையும் கப்பலேற்றி அனுப்பிய நாடு, கட்டியை விலை கொடுத்து வாங்கிற்று. உள்நாட்டுச் சவுக்காரம் போட்டியிட எழுந்தபோது, காட்ரெஜ் நிறுவனம் கவிஞர் தாகூரின் பாராட்டையே விளம்பரமாக்கியது. அங்கே நடிகையும் பாதிரியும் செய்த வேலையை இங்கே கவிஞர் செய்தார்.

இனி, இனிப்பிலிருந்து கசப்புக்கு வருவோம்.

1884-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பியர்ஸ் படம். மேலும் கீழுமாய் இரண்டு காட்சி. முதற் காட்சியில், நீர்த் தொட்டியில் ஒரு கறுப்பினச் சிறுவன். பக்கத்தில் ஏப்ரன் கட்டிய வெள்ளைச் சிறுவன், சவுக்காரத்தை நீட்டுகிறான். இரண்டாம் காட்சியில் குளித்தாயிற்று. கறுப்பினச் சிறுவனின் உடல் கழுத்துக்குக் கீழே வெளுத்துவிட்டது! முகம் மட்டும் கறுப்பு. வெள்ளைச் சிறுவன் கண்ணாடியைக் காட்ட, அவன் வியந்து நிற்கிறான். வரைந்த கை தேர்ந்த கை, கோடுகள் மென்மையானவை, குழந்தைகளின் முகத்திலே குறும்பு கொஞ்சுகிறது. அதுதான் கொடுமை! வெறுப்பை வெறுப்பாக வரைந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டார்கள். கொஞ்சலாக வரைந்தார்கள், குழந்தைகள் அறையிலே மாட்டினார்கள்.

எத்தியோப்பியனை எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காது என்பது ஈசாப்பின் பழங்கதை. இயற்கையை மாற்றப் பார்ப்பவனின் மடமையை நகையாட எழுந்த கதை அது. விளம்பரக்காரன் அதைத் தலைகீழாக்கினான்: எங்கள் சவுக்காரத்தால் தேய், வெளுக்கும் என்றான். கறுப்பு என்பது நிறமன்று, அழுக்கு; வெள்ளை என்பது நிறமன்று, தூய்மை! இந்தப் பொய்யை ஒரு மேடைப் பேச்சாளன் கூறியிருந்தால், எதிர்க்க ஒருவன் எழுந்திருப்பான். படம் கூறிற்று, எதிர்த்துப் பேசப் படத்திடம் வாய் ஏது?

சூடானில் ஆங்கிலப் படை போரிட்ட அந்தக் காலத்தில், பாலைவனப் பாறை ஒன்றில் பியர்ஸ் சவுக்காரத்தின் பெருமை எழுதப்பட்டிருந்ததாக ஒரு செய்தி வந்தது. உடனே அதையும் படமாக்கினர்: பாறையிலே வெள்ளை எழுத்து, அதன் முன் திகைத்தும் பணிந்தும் நிற்கும் சூடானிய வீரர்கள், தலைப்பு, பிரிட்டன் வெற்றி பெறும் சூத்திரம் என்ற பொருளில்! தம் மண்ணுக்காக ஈட்டி ஏந்தியவர்கள், சவுக்காரக் கட்டியின் முன் மண்டியிடும் மடையர்களாகக் காட்டப்பட்டார்கள்.

1899-ஆம் ஆண்டுப் படம் இன்னும் துணிச்சலானது. அந்த ஆண்டுதான் கிப்ளிங், 'வெள்ளையன் சுமை' என்ற கவிதையை வெளியிட்டார். முந்திய ஆண்டு மே மாதம் மணிலாக் குடாவில் ஸ்பானியக் கப்பல்களை மூழ்கடித்த அமெரிக்க அட்மிரல் டூயி, வெள்ளுடை தரித்துக் கப்பல் அறையில் கை கழுவுகிறார். மூலைகளிலே சிறு சிறு காட்சிகள்: கடலிலே கப்பல், கரையிலே சவுக்காரப் பெட்டி, மண்டியிட்ட பழங்குடி மனிதனுக்குச் சவுக்காரம் வழங்கும் வெள்ளையன். வெள்ளையன் சுமையைக் குறைக்கும் முதற்படி தூய்மையைப் போதிப்பதே என்பது கீழே உள்ள வாசகத்தின் கருத்து. அந்த விளம்பரம் ஏடுகளில் வந்த அதே 1899-இல், பிலிப்பைன்ஸ் மக்கள் தம் விடுதலைக்காக அமெரிக்கப் படையோடு போரிட்டு மடிந்துகொண்டிருந்தார்கள். அட்மிரல் கை கழுவும் படம்! எதைக் கழுவினார் என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

வெளுத்த முகம் பிரபுவின் முகம் என்று முன்னே கூறினேனே, அதன் தொடர்ச்சி இதுதான். முதலில் ஒரே நாட்டுக்குள் உழைப்பவனையும் உழையாதவனையும் பிரித்தது நிறம். பேரரசு விரிந்ததும் நாட்டுக்கு நாடு ஆண்டானையும் அடிமையையும் பிரித்தது. கூலிக்காரனின் அழுக்கும் ஆப்பிரிக்கனின் கறுப்பும் விளம்பரத் தாளிலே ஒரே பொருளாயின.

சவுக்காரத்துக்குள்ளே என்ன இருந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். அழகுப் படத்திலே சோலை, மலர், மழலை. கொப்பரையிலே பனை எண்ணெய்! சன்லைட் அதிபர் வில்லியம் லீவர், தொழிலாளருக்காகப் போர்ட் சன்லைட் என்ற அழகிய குடியிருப்பை 1888 முதல் எழுப்பினார். தோட்டம் சூழ்ந்த வீடு, பள்ளி, பின்னர் மனைவி பெயரால் ஒரு கலைக்கூடம். அதை மறைக்கவேண்டியதில்லை, அந்தக் காலத்து முதலாளிகளிலே அது பெரிது. பிற்காலத்தில் மில்லேயின் சிறுவனும் அந்தக் கலைக்கூடத்துக்கே போய்ச் சேர்ந்தான். ஆனால் அதே லீவர் நிறுவனம் 1911-இல் பெல்ஜிய அரசோடு உடன்பாடு செய்து, காங்கோவிலே 7,50,000 ஹெக்டேர் வரை எண்ணெய்ப் பனைக் காடுகளைப் பெறும் உரிமையை அடைந்தது. அங்கே தோட்டம் சூழ்ந்த வீடில்லை. பனை ஏறிக் குலை வெட்ட, அரசு அதிகாரிகளின் துணையோடு ஆட்கள் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டார்கள். பனங்காய்க்குக் கொடுத்த விலையைக் குறைத்தபோது, வரியும் கட்டாய வேலையும் சேர்ந்து நெரிக்க, 1931-இல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடக்குமுறையில் ஐந்நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அவர்களைத் தீட்ட எந்த மில்லேயும் அனுப்பப்படவில்லை.

இலண்டனிலும் அப்படித்தான். வெல்வெட் உடைச் சிறுவன் வீட்டுச் சுவர்களில் குமிழி ஊதிக்கொண்டிருந்த 1888-இல், அந்த நகரின் கிழக்குப் பகுதியில் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாஸ்பரஸ் நஞ்சால் தாடை அழுகும் தொழில் அவர்களுடையது. அவர்களிலே பலர் சிறுமிகள்.

இத்தனையும் அறிந்த பின்னும் அந்தப் படங்கள் கண்ணைக் கவர்கின்றனவே என்று ஓர் இளைஞர் கேட்கலாம். கவரத்தான் செய்யும். 1891 முதல் பியர்ஸ் ஆண்டு மலர்கள் பெரிய வண்ணப் படங்களை இணைப்பாகக் கொடுத்தன. ஓவியக்கூடத்தின் வாசலையே மிதித்தறியாத எளியவர் வீட்டில், சட்டமிட்டு மாட்டப்பட்ட முதல் ஓவியம் பல இடங்களில் சவுக்காரக் கடை தந்ததுதான். கலையை அரண்மனையிலிருந்து குடிசைக்குக் கொண்டுவந்ததில் கல்லச்சுக்கும் விளம்பரத்துக்கும் பங்குண்டு. அதை மறுப்பது நேர்மையன்று. அந்தக் கல்லில் குனிந்து, ஒவ்வொரு புள்ளியாக வைத்து, பத்து வண்ணத்தைப் பத்துக் கல்லிலே பிரித்து வரைந்த கைவினைஞரின் பெயர் பெரும்பாலும் படத்தில் இல்லை. மில்லேயின் பெயர் உண்டு, பியர்ஸின் பெயர் உண்டு. படத்தை விரும்பும் தோழர், அந்தப் பெயரற்றவனையும் சேர்த்து விரும்பட்டும்.

அந்தக் கதை 1899-உடன் முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். பியர்ஸை லீவர் வாங்கிற்று. லீவர் 1929-இல் டச்சு நிறுவனத்தோடு இணைந்து யூனிலீவர் ஆயிற்று. அந்த யூனிலீவரின் 'டவ்' உடல் கழுவும் திரவத்துக்காக 2017 அக்டோபரில் ஒரு மூன்று நொடி அசையும் படம் வெளியிடப்பட்டது. கறுப்பினப் பெண் ஒருத்தி மேற்சட்டையைக் கழற்றுகிறாள். கழற்றியதும் அவள் இருந்த இடத்தில் வெள்ளைப் பெண் நிற்கிறாள்! கண்டவர்கள் 1884-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துப் பக்கத்திலே வைத்துக் காட்டினார்கள். நிறுவனம் படத்தை நீக்கி மன்னிப்புக் கேட்டது. கல்லச்சு போயிற்று, தொட்டி போயிற்று, ஏப்ரன் கட்டிய சிறுவன் போனான். காட்சி மட்டும் வரி பிசகாமல் திரும்பி வந்தது.

நம் நாட்டில் அதே நிறுவனத்தின் கிளை, 1975 முதல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பசையை விற்றுவந்தது. கறுத்த பெண் வேலையின்றி வாடுவாள், பசை பூசுவாள், வெளுப்பாள், வேலை கிடைக்கும். இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அமெரிக்காவிலே கறுப்பினத்தவரின் உயிர் குறித்த கிளர்ச்சி உலகெங்கும் எதிரொலித்த 2020-இல், 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றினார்கள். நம் செய்தித்தாள்களின் மணமகள் தேவைப் பக்கத்தில் அந்தச் சொல்லை எடுக்க எவரும் வரவில்லை. அங்கே அதற்குத் தமிழிலேயே 'சிவந்த நிறம்' என்று பெயர்.